எர்த் கம்பியைத் தேடியவர்

எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் ஒலிப்பதிவுத் தொழிலில் என் முதல் வேலை. சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். மைக்கைத் தொடவே விடமாட்டார்கள். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பும். எர்த் கம்பியைப் புதைத்துக் கரியும் உப்பும் போட்டு மூடிய குழியில் காலையில் இரண்டு குடம் ஊற்றிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிற ஊரில் மண்ணுக்கு இரண்டு குடமா என்று பக்கத்து வீட்டு அம்மாள் திட்டுவார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்த இரைச்சலை ஹம் என்போம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது 50, 100, 150 என்று மடங்கு மடங்காக ஒலிக்குள் நுழையும். இரண்டு கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த் ஆகியிருந்தாலே போதும், வந்துவிடும். எங்கள் தலைமைப் பொறியாளர் (எல்லோருக்கும் அவர் 'சார்'தான்) கேபிளின் ஒரு முனையில் மட்டும் ஷீல்டை (உள்கம்பிகளைச் சுற்றிய உலோக உறையை) துண்டித்து, அதில் சிவப்பு டேப் ஒட்டுவார். சிவப்பு டேப் கேபிளை இடம் மாற்றிச் செருகியவன் அன்று மாலை வரை அவர் முகத்தில் விழிக்க முடியாது.

அங்கே 1176 கம்ப்ரசர் ஒன்று இருந்தது. 1967-இல் அமெரிக்காவில் பில் புட்னம் வடிவமைத்த பெட்டி. பாடகர் சட்டென்று குரலை உயர்த்தினால் 20 மைக்ரோநொடிக்குள் பிடித்து அமுக்கிவிடும். அமுக்கும்போது குரலுக்கு ஒரு சின்னக் கரகரப்பும் சேரும். அந்தக் கரகரப்புக்காகத்தான் உலகமே அதைத் தேடியது. இருந்தது ஒன்றே ஒன்று என்பதால் அது பாடகருக்கே போகும். மற்றதெல்லாம் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் விரலை வைத்துக்கொண்டு கையாலேயே ஏற்றி இறக்கியதுதான்.

இப்போது வளசரவாக்கத்தில் வாடகை அறை, ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர். அதே பெட்டி பிளக்இன்னாக, அதாவது மென்பொருளாக, திரையில் இருக்கிறது. முகப்பின் திருகாணியைக்கூட வரைந்திருக்கிறார்கள். அசலில், எவ்வளவு வேகமாக அமுக்க வேண்டும் என்று சொல்லும் அட்டாக் குமிழை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். மற்றக் கருவிகளுக்கு நேர்மாறு. அந்தக் கோணலும் அப்படியே வந்திருக்கிறது. என் உதவியாளன் முதல் வாரம் முழுக்கத் தலைகீழாகத்தான் திருப்பிக்கொண்டிருந்தான். ஒலியைப் பொறுத்தவரை குறை சொல்ல மாட்டேன். கண்ணைக் கட்டிவிட்டு அசலையும் நகலையும் மாற்றி மாற்றிக் கேட்கச் சொன்னால் எனக்கு இனம் பிரிக்கத் தெரியாது. தெரியும் என்று சொல்பவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சென்ற மார்கழியில் ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்கு மிக்ஸிங் செய்துகொண்டிருந்தேன். பாடகிக்கு ஐந்து கட்டை சுருதி. பெட்டி ஒன்றாக இருந்த காலம் போய்விட்டதே. குரல், வீணை, மிருதங்கம், கோரஸ் என்று 16 டிராக்கிலும் அந்தக் கம்ப்ரசரைப் போட்டிருந்தேன். ஓய்வுபெற்ற சார் பார்க்க வந்தார். முழங்கால் வலி, ஏசியை நிறுத்தச் சொன்னார். அறை அடங்கியது. முதல் பாட்டின் தொடக்கத்தில் தம்புரா மட்டும்.

"சுருதி அசைகிறதே, தம்பி" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனை மாட்டி ஒலியை ஏற்றிய பிறகுதான் பிடிபட்டது. அந்தத் தம்புராவின் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி 'ஸ', 98 ஹெர்ட்ஸ். பக்கத்திலேயே 100-இல் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. இரண்டும் உரசி, நொடிக்கு இரண்டு முறை அலை எழுந்து தணிந்தது. நான் நிமிர்வதற்குள், வலிக்கிற முழங்காலை மடக்கி, சார் மேசைக்கு அடியில் புகுந்திருந்தார். எர்த் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அங்கே கம்பியே இல்லை. கோளாறு திரையில் இருந்தது. அந்தப் பிளக்இன்னின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச்: 50, 60, ஆஃப். அசல் பெட்டியின் மின் இரைச்சலையும் சேர்த்துத் தருவதற்கு. இந்தியா, ஐரோப்பாவுக்கு 50, அமெரிக்காவுக்கு 60. திறந்தவுடன் 50-இல்தான் நிற்கும். ஒரு பெட்டியின் ஹம் ஒன்றும் செய்யாது. 16 பெட்டியின் ஹம்மும் ஒத்திசைந்து கூடினால் 24 டெசிபல் ஏறிவிடும். இத்தனை நாளும் ஏசி சத்தத்தில் அது மறைந்து கிடந்திருக்கிறது.

சாரைக் கைபிடித்து எழுப்பி உட்காரவைத்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதையும் விடாமல் நகல் எடுத்திருக்கிறார்களா?"

"ஆமாம் சார்."

"காசுக்கா?"

கரகரப்பை நகல் எடுத்தது சரிதான், அது அந்தப் பெட்டியின் குரல். ஹம் அது குடியிருந்த வீட்டின் கோளாறு, அதை எதற்குப் பிரதி எடுக்க வேண்டும் என்று அன்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. 16 ஸ்விட்சையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் விரல் மடக்கி எண்ணினார். கடைசி ஒன்றில் நிறுத்தி, 60-இல் வைக்கச் சொல்லிக் கேட்டார். "அமெரிக்காவிலும் இதே அவஸ்தைதான்" என்று சிரித்துவிட்டு, அணைக்கச் சொன்னார். தம்புரா அசையாமல் நின்றது.

புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அது சரி, இந்தக் கட்டடத்துக்கு எர்த் குழி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

மூன்றாவது மாடியில் ஆறு வருடமாக இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.