ஓடாசிட்டி 3-க்கு மாறும்போது: வெட்டியது வெட்டுப்படுவதில்லை

வீட்டு அறையிலேயே பஜனைப் பாடலும் தேவாலயப் பாடகர் குழுவும் வானொலி விளம்பரமும் பதிவுசெய்கிற கொழும்புக்காரர்களுக்கு, அதிலும் ஒலியைப் பதிந்து தொகுக்கும் ஓடாசிட்டி மென்பொருளின் பழைய 2.4.2 பதிப்பை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. பழகிய இடத்தில் பொத்தான் இல்லையே என்ற எரிச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். அதற்கு யாரும் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. உங்கள் ஒலி எந்தக் கோப்பில் கிடக்கிறது, வெட்டினால் அதற்கு என்ன ஆகிறது, எஃபெக்ட் (எதிரொலி போன்ற ஒலி மாற்றம்) போட்டால் அது எங்கே போய் உட்காருகிறது என்ற மூன்றும் 3-ஆம் வரிசையில் மாறிவிட்டன. இது தெரியாமல் வேலை செய்தால்தான் பதிவு கைநழுவும்.

முதலில் ஒன்று: பாதி முடிந்த வேலையோடு மாறாதீர்கள். பழையதை அழிக்கவும் வேண்டாம். 3-ஐ நிறுவும் கோப்பாக எடுக்காமல் ஸிப் வடிவில் இறக்கி, தனி போல்டரில் விரித்து, அதற்குள் ‘போர்ட்டபிள் செட்டிங்ஸ்’ என்ற பெயரில் (ஆங்கில எழுத்தில், நடுவில் ஓர் இடைவெளி விட்டு) வெற்று போல்டர் ஒன்றை உருவாக்குங்கள். புதியது தன் அமைப்புகளை அதற்குள்ளேயே எழுதிக்கொள்ளும், 2.4.2-இன் அமைப்புகளைத் தொடாது. இரண்டும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம்.

இனிக் கோப்பு. பழைய ஓடாசிட்டியில் வேலையைச் சேமிக்கும் ஏயூபி கோப்பு ஒரு குறிப்பேடு மாத்திரமே. உண்மையான ஒலி பக்கத்திலுள்ள ‘டேட்டா’ போல்டரில், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 எம்பி அளவுள்ள சிறு துண்டுகளாகக் கிடந்தது. போல்டரை விட்டுவிட்டு ஏயூபியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பி, அங்கே ஒன்றும் திறக்காமல் போன கதை எல்லா ஒலிப்பதிவுக்காரரும் அறிந்தது. 2021 மார்ச்சில் வந்த 3.0 அந்தத் துண்டுகளையெல்லாம் ஏயூபி3 என்ற ஒரே தரவுத்தளக் கோப்புக்குள் அடக்கிவிட்டது. பழைய வேலையை 3-இல் திறந்தால் அது படியெடுத்துப் புதிய கோப்பாகச் சேமிக்கப்படும்; பழையது அப்படியே இருக்கும். ஆகவே வட்டில் இருமடங்கு இடம் வேண்டும். ‘டேட்டா’ போல்டரின் பெயரை இடையில் மாற்றியிருந்தால் திறக்காது. ஏயூபி3-ஐ 2.4.2-இல் திறக்க வழியே இல்லை. நண்பர் இன்னும் பழையதில் இருந்தால் அவருக்கு ஒவ்வொரு டிராக்கையும் (தனித்தனி ஒலித்தடம்) வேவ் என்ற சாதாரண ஒலிக்கோப்பாக அனுப்புங்கள்.

ஒரே கோப்பு என்பது வசதிதான். ஆனால் அந்தக் கோப்பு பெருத்துவிடும். வழமையான 32 பிட், 44,100 ஹேர்ட்ஸ் அமைப்பில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி. எட்டு டிராக் என்றால் நிமிடத்துக்கு 85 எம்பி. ஐம்பது நிமிடக் கச்சேரி 4 ஜிபியைத் தொட்டுவிடும். அதற்கு மேல், எட்டு டிராக்கிலும் இரைச்சல் நீக்கினால், அன்டூ செய்வதற்காகப் பழைய ஒலியும் உள்ளேயே கிடக்கும். கோப்பை மூடும்போதுதான் அது சுருங்கும். ஃபேட்32 வடிவமைப்பில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நிற்காது. கடையில் வாங்கும் சிறிய பென் டிரைவ்கள் பெரும்பாலும் இந்த வடிவமைப்பில்தான் வருகின்றன. அதனால் பென்னிலேயே வைத்து வேலை செய்யும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடுங்கள். கணினியின் உள்வட்டில் வேலை செய்து, முடிந்ததும் படியெடுங்கள். பெரிய கோப்பு என்றால் பென்னை எக்ஸ்ஃபேட் ஆக வடிவமையுங்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘டொக்யுமென்ட்ஸ்’ போல்டர் சொல்லாமல் கொள்ளாமல் மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருக்கக்கூடும். ஓடாசிட்டி எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையே அதுவும் மேலேற்றப் பிடித்திழுத்தால் கோப்பு கெடும். சி வட்டின் வேரிலோ டி வட்டிலோ தனி போல்டர் வைத்துக்கொள்ளுங்கள். வேலை திறந்திருக்கும்போது ஏயூபி3-க்குப் பக்கத்தில் அதே பெயரோடு வேறு ஓரிரு கோப்புகள் தோன்றும். கடைசியாகச் செய்த மாற்றங்கள் அவற்றில்தான் இருக்கும். அவற்றை அழிக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஏயூபி3-ஐ மட்டும் படியெடுக்கவும் கூடாது. மூடிவிட்டுப் படியெடுங்கள். மூட நேரமில்லையென்றால் சேவ் புரொஜெக்ட் மெனுவிலுள்ள ‘பேக்கப் புரொஜெக்ட்’ அதற்காகவே இருக்கிறது.

இந்தத் தரவுத்தள முறைக்கு நம் ஊரில் தனிப் பெறுமதி உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யார் மறப்பார்? பதிவு ஓடும்போது கரன்ட் போனால், திரும்பத் திறக்கும்போது ஓடாசிட்டி மீட்புப் பெட்டியைக் காட்டும். அங்கே அவசரப்பட்டு ‘டிஸ்கார்ட்’ அழுத்தாமல் ‘ரிகவர்’ கொடுத்து, உடனே வேறு பெயரில் சேமியுங்கள்.

அடுத்தது வெட்டுதல். 2021 ஒக்டோபரில் வந்த 3.1-இல் இருமுனை அம்புக்குறிக் கருவியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு கிளிப்பின் (டிராக்கிலுள்ள ஒலித்துண்டின்) தலையிலும் ஒரு பட்டை இருக்கிறது. அதைப் பிடித்து நகர்த்தலாம். கிளிப்பின் மேல்மூலை ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நீளம் குறையும். குறைந்ததுபோல் தெரிகிறதே தவிர, ஒலி போகவில்லை, மறைந்திருக்கிறது. திரும்ப இழுத்தால் மூச்சு எடுத்த சத்தம் உட்பட அப்படியே வரும். தொகுப்பவருக்கு இது பெரிய வரம், மனம் மாறினால் வாக்கியத்தின் முனையை மீட்டுவிடலாம். ஆனால் இரண்டு விளைவுகள் உண்டு. கோப்பின் அளவு குறையாது. ஏயூபி3-ஐ வேறொருவரிடம் கொடுத்தால், பாட்டுக்கு முன் அறையில் பேசிய பேச்சையும் அவர் இழுத்துக் கேட்கலாம். கொடுப்பதற்கு முன் டிராக்கைத் தெரிவுசெய்து ‘மிக்ஸ் அண்ட் ரெண்டர்’ கொடுங்கள். கண்ணுக்குத் தெரிவது மட்டும் மிஞ்சும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும்போது ‘ஸ்மார்ட் கிளிப்பா (மறைந்த ஒலியும் சேர்ந்தது), தெரிவுசெய்த ஒலி மட்டுமா’ என்று கேட்டால், இரண்டாவதே பாதுகாப்பானது.

எஃபெக்ட் விஷயத்திலும் இதே போக்குத்தான். 2022 செப்டெம்பரில் வந்த 3.2-இலிருந்து டிராக்கின் இடப்பக்கத்தில் ‘எஃபெக்ட்ஸ்’ பொத்தான் இருக்கிறது. அதில் சேர்ப்பவை ஒலியை மாற்றாமல், ஒலிக்கும்போது மட்டும் மேலே படியும். மெனு வழியாகப் போடுபவை பழையபடி ஒலியையே மாற்றும். இரண்டையும் குழப்பினால் எதிரொலி இரண்டு தடவை விழும். மெனுவில் ஒன்று, பொத்தானில் ஒன்று. மின்விசிறி இரைச்சலையோ காலி வீதி வாகனச் சத்தத்தையோ குறைக்கும் ‘நொய்ஸ் ரிடக்ஷன்’ மெனுவில் மட்டுமே உண்டு. அது எப்போதும் அடியிலுள்ள மூல ஒலியில்தான் வேலை செய்யும். முதலில் அதை முடியுங்கள். 6 முதல் 9 டெசிபல் போதும், அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகும். பிறகு மற்றவற்றைப் பொத்தானில் அடுக்குங்கள். பழைய மடிக்கணினியில் அடுக்கு கூடி ஒலி வெடித்தால், அமைப்புகளில் பஃபர் (ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் இடம்) நீளத்தை 100 மில்லிசெக்கனிலிருந்து 200-க்கு ஏற்றுங்கள்.

மைக் தெரிவுசெய்யும் நீண்ட பட்டை இப்போது ‘ஓடியோ செட்டப்’ என்ற ஒற்றைப் பொத்தானுக்குள் ஒடுங்கிவிட்டது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸை ஓடாசிட்டி திறந்த பிறகு செருகினால் பட்டியலில் வராது. அதே மெனுவில் ‘ரீஸ்கேன்’ கொடுக்க வேண்டும்.

புதிய பதிப்பில், விண்டோஸ் ஒலியைக் கொண்டுபோகும் வழிகளில் ‘எம்எம்இ’யை விட்டு ‘வாசாபி’க்கு மாறினால், சுருதிப்பெட்டிக்கு மேல் பாடிய குரல் முந்தியோ பிந்தியோ விழும். பதிவு பிந்துவதைச் சரிக்கட்டும் தாமத ஈடு இயல்பாக மைனஸ் 130 மில்லிசெக்கன். அது உங்கள் கருவிக்குப் பொருந்த வேண்டுமென்றில்லை. பாடகரைக் குறைசொல்வதற்கு முன் அளந்து பாருங்கள். ஈட்டை 0 ஆக்கி, ‘ரிதம் டிராக்’ ஒன்றை உருவாக்குங்கள். ஒலியளவைக் குறைத்துவிட்டு, ஹெட்போன் துளையிலிருந்து லைன் உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போடுங்கள். கேபிள் இல்லையா, ஹெட்போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்தாலும் சரி. ஷிப்ட், ஆர் அழுத்திப் புதிய டிராக்கில் பதியுங்கள். நன்றாகப் பெரிதாக்கி, மூலத் தட்டலுக்கும் பதிவான தட்டலுக்கும் இடையைத் தெரிவுசெய்து நீளத்தைப் பாருங்கள். 87 மில்லிசெக்கன் பிந்தியிருந்தால் ஈடு மைனஸ் 87. இன்னொரு தடவை பதிந்து, இரண்டு தட்டலும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கருவியோ பஃபரோ மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

2023 நவம்பரில் வந்த 3.4, தாளக் கட்டங்களைக் கொண்டுவந்தது. கீழே தாளக் குறியை 7/8 என்று வைத்தால் மிஸ்ர சாபு, 5/8 என்றால் கண்ட சாபு. ஆதிக்கு 4/4-இல் இரண்டு கட்டங்கள். மிருதங்கத் துண்டுகளை அடுக்குபவருக்கு இது நல்ல உதவி. விருத்தம், பேச்சு, நாடகம் பதிபவருக்கு இந்தக் கட்டங்கள் தேவையில்லை. நேரக்கோட்டில் வலது சொடுக்கி ‘மினிட்ஸ் அண்ட் செக்கன்ட்ஸ்’ ஆக்கிவிடுங்கள். தாள வேகத்தைக் குறிக்கும் டெம்போ எண்ணைச் சும்மா மாற்றிப் பார்க்கவும் வேண்டாம். பதிப்பையும் அமைப்பையும் பொறுத்து கிளிப்புகள் நீண்டு சுருங்கும்.

64 பிட் பதிப்பை எடுத்தால் பழைய 32 பிட் பிளகின்கள் (கூடுதலாகச் சேர்க்கும் எஃபெக்ட்கள்) ஏறாது. தொலைபேசியில் பதிந்த எம்4ஏ கோப்பைத் திறக்க வேண்டிய எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளும் 64 பிட்டாகவே வேண்டும்.

எக்ஸ்போர்ட் பெட்டியும் 3.4-இல் மாறிவிட்டது. மோனோவா ஸ்டீரியோவா என்பது, சாம்பிள் வீதம், தனித்தனி டிராக்காக எடுத்தல் எல்லாம் ஒரே சாளரத்தில் இருக்கின்றன. காணொளிக்கு என்றால் சாம்பிள் வீதத்தை 48,000 வைக்க மறக்காதீர்கள். தனித்தனி டிராக்காக எடுத்து வேறு ஸ்டூடியோவுக்கு அனுப்பும்போது, முதல் கிளிப்புக்கு முன்னுள்ள வெற்றிடத்தை நீக்கும் பெட்டியில் சரிக்குறி இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டாவது சரணத்தில் நுழைய வேண்டிய புல்லாங்குழல் அங்கே பாட்டின் முதல் அடியிலேயே ஒலிக்கும்.