கறள் பிடித்த கொம்பியும் கேற் பெயின்ற்றும்

ஜனவரி 13, 2025, திங்கள்

போயா, பௌர்ணமி விடுமுறை. நாளை பொங்கல், கொம்பி வானைக் கழுவிவிடு என்று அம்மா சொன்னார். முன் சீற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை வேறு. நான் முன்கண்ணாடியில் தண்ணீரைப் பிடித்ததும் உள்ளே இருந்து சத்தம்: "டேய், என்ர கால் நனையுது!"

கண்ணாடியின் கீழ் ரப்பரைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இரும்பு இல்லை, துருப்பிடித்த கறள்தான் இருக்கிறது.

1971ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கொம்பி. 1979இல் அப்பா ஹற்றனில் ஒரு தோட்டத்துரையிடம் வாங்கியது. பின்பக்கம் மடிக்கும் கட்டிலும் அடுப்பு வைக்க ஒரு பெட்டியும் அவரே பலகையில் அடித்தார். கதிர்காமம், முன்னேஸ்வரம் என்று எங்கே போனாலும் அதற்குள்தான் படுக்கை. இப்போது வெள்ளை நிறம் என்று சொல்லலாம், பகல் வெளிச்சத்தில் பார்க்காவிட்டால்.

ஜனவரி 19, ஞாயிறு

பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைத் துணியில் சுற்றி வான் முழுக்க நகர்த்திப் பார்த்தேன். இரும்பு இருக்கிற இடத்தில் பிடிக்கும், ஓட்டையை மறைக்கப் புட்டிப் பசை அடைத்த இடத்தில் வழுக்கி விழும். இடது பக்கச் சில்லு வளைவில் இரண்டு தரம் விழுந்தது. கதவுக்குக் கீழே ஓடும் அடிவிளிம்பில் பிடித்ததே குறைவு.

அந்த இடத்தை ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டினேன். 'டங்' என்று கேட்க வேண்டியது 'பொத்' என்றது. முனையால் மெல்ல அழுத்தினேன், அவ்வளவுதான், பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது நொறுக்கின அப்பளம் மாதிரி செதில் செதிலாக அரைப் பேணி கறள் கொட்டியது. இந்த அடிவிளிம்பு ஒற்றைத் தகடு இல்லை. உள், நடு, வெளி என்று மூன்று தகடு, இடையில் வெற்றிடம். தண்ணீர் உள்ளே போனால் உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கிற சாமான். வெளியே பெயின்ற் கொப்பளிக்கத் தொடங்கும்போது உள்ளே கதை முடிந்திருக்கும்.

எங்கள் வீடு இருக்கும் கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் கடல். எங்கள் வானில் கடலைப் பார்த்து நிற்கும் பக்கம்தான் மற்றப் பக்கத்தைவிட மோசம். உப்புக்காற்றுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

முன் சீற்றுக்குப் பின்னால் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் அடித்த இலக்கங்கள். அதில் 5390. கீழே நயாகரா நீலம், மேலே வெளிர் வெள்ளை என்று அர்த்தம்.

ஜனவரி 28, செவ்வாய்

குடும்ப ஆலோசனை.

ரொறன்ரோவில் இருந்து தம்பி: "அந்த நீலத்தையே அடியுங்கோ அண்ணை, காசு நான் பாதி தாறன்." மாதம் ஒருக்கால் படத்தில் பார்க்கிறவனுக்கு நீலம் வடிவாகத்தான் இருக்கும்.

அத்தான்: "வித்துப்போடு. இறக்குமதி திறக்கப்போறான். பிறகு இந்த விலை நிக்காது." 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி இப்போதுதான் மறுபடி தொடங்கப் போகிறது. ஆனால் புது ஜப்பான் கார் வாங்க வருகிறவன் எங்கள் கொம்பியைப் பார்த்து மனம் மாறப்போவதில்லை. அத்தானிடம் அதைச் சொல்லவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

தெஹிவளைப் பக்கம் ஒரு கராஜ். பெயின்ற் பாஸ் சிங்களவர், தமிழும் நன்றாகக் கதைப்பார். முழு வானுக்கும் முதல், முன் முகத்தில் ஒரு சாண் இடத்தில் அடித்துப் பார்ப்போம் என்றார். புத்திசாலி.

தண்ணீர் தொட்டுத் தொட்டு 400ஆம் நம்பர் பேப்பரால் தேய்த்தோம். மேலே வெள்ளை. அதன் கீழே தடித்த சாம்பல் படை, தூரிகை இழுத்த கோடுகளோடு. ஒரு தூரிகை மயிர்கூட அதற்குள் அப்படியே கிடந்தது, நகத்தால் கிளப்பினேன். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தேய்க்க நீலம் வந்தது. நீலத்தின் மேல் சிவப்பில் ஒரு வளைவு. பிறகு இன்னொன்று. 'மு'.

"என்ன எழுத்து?" என்றார் பாஸ்.

தெரியாது என்றேன்.

பாதி அடித்திருப்பார், பதினொரு மணி போல கொம்பிரசர் நின்றுவிட்டது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. தாங்கியில் மிச்சமிருந்த காற்றில் மீதியை அடித்து முடித்தார், வாயில் ஒரு லேஞ்சி மட்டும் கட்டிக்கொண்டு. இந்தப் பெயின்ற்றை இறுக வைக்கும் ஹாட்னரில் இருக்கும் ஐசோசயனேற் என்ற இரசாயனம் ஆஸ்துமா கொடுக்கும், நல்ல மாஸ்க் வாங்குங்கள் என்றேன். சிரித்தார்.

இருட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், அடித்த இடம் கொதித்த பால் ஆடை போலச் சுருங்கிக் கிடக்கிறது. சாம்பல் படைதான் காரணம். அது வாகனத்துக்கான பெயின்ற் இல்லை, வீட்டு எனாமல். மேலே தின்னர் பட்டதும் ஊறி எழும்புகிறது. "யாரோ கேற்றுக்கு அடிக்கிற பெயின்ற் அடிச்சிருக்கு. எல்லாம் சுரண்டி இரும்பு வரைக்கும் போகணும். ஏழு லட்சம்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும், நாடு முழுக்கக் கரண்ட் போயிருக்கிறது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம், அமைச்சரே சொல்லியிருக்கிறார்.

பெப்ரவரி 10, திங்கள்

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சாம்பல் பெயின்ற்றைப் பற்றிக் கேட்டேன்.

"அதோ? எண்பத்திமூண்டு கலவரத்தில அப்பா அடிச்சது. முன்னுக்கு 'முருகன் துணை' எண்டு எழுதி இருந்ததெல்லே. ராவோட ராவா முழு வானுக்கும் அடிச்சவர். வீட்டில வேற என்ன இருந்தது, கேற்றுக்கு வாங்கின பெயின்ற்தான்."

"பிறகு?"

"பிறகென்ன, பின்வீட்டுப் பெரேரா ஆக்களின்ர வளவுக்குள்ள ஒரு மாதம் நிண்டது. அந்தச் சுளகை இஞ்சால தள்ளு."

எனக்கு அப்போது நாலு வயது. வான் எப்போதும் வெள்ளை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

கணக்குப் பார்த்தேன். முழுக்கச் சுரண்டி அடிக்க ஏழு லட்சம். இரும்பு வேலை மட்டும், அதாவது அடிவிளிம்பு, சில்லு வளைவு, கண்ணாடிக்குக் கீழ் விளிம்பு, என்றால் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரும்பு வேலை செய்யாமல் பெயின்ற் அடிப்பது சீழ் பிடித்த புண்ணுக்கு மேல் பவுடர் போடுகிற வேலை. இரும்பு வேலை செய்த பிறகு பெயின்ற் அவசரமே இல்லை. சித்திரைக்குள் முடித்தால் சரி, மேயில் தென்மேற்கு மழை பிடித்தால் ஒட்டுப்போட்ட இடம் காயாது.

அதைவிட, சாம்பலைச் சுரண்டினால் அதன் கீழே இருக்கிறதும் போய்விடும். நீலம் மறுபடி அடிக்கலாம், தகட்டில் இலக்கம் இருக்கிறது. அந்தத் தூரிகைக் கோட்டுக்கு இலக்கம் இல்லை.

தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அந்தக் காசை வெல்டிங்குக்குப் போடுங்கோ" என்றான்.

மார்ச் 15, சனி

வான் வந்துவிட்டது. புதுத் தகடு வைத்த இடமெல்லாம் செங்கல் நிறப் பிரைமர், மீதி பழைய வெள்ளை, முன்முகத்தில் சுருங்கிய ஒரு சாண். அடிவிளிம்புக்குள் மெழுகு அடித்திருக்கிறார்கள், வெயிலுக்கு உருகி முற்றத்தில் சொட்டுகிறது.

"சொறி பிடிச்ச நாய் மாதிரி இருக்கு" என்றார் அம்மா. ஆனாலும் முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தார். பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்: நிறம், நீலமும் வெள்ளையும். அப்பா மாற்றவே இல்லை. நாற்பது வருசமாகப் புத்தகத்தில் இல்லாத நிறத்தில் ஓடியிருக்கிறோம்.

கண்ணாடியில் தண்ணீரைப் பிடித்தேன்.

"காயுதோ, நனையுதோ?"

"ஒரு துளி வந்தது."

ரப்பர் பழசு. பிரேசிலில் 2013 வரைக்கும் இந்த வான் செய்ததால் ரப்பர் இன்னும் அங்கிருந்து வரும். திங்கட்கிழமை பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்க வேண்டும்.