லஃபயெட் சமையல் குறிப்பு: கேஜன் இறால்

ஆகஸ்ட் 17, சனி

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வெள்ளை இறால் வரத் தொடங்கிவிட்டது. சாலையோரம் பிக்கப் வண்டியில் ஐஸ் பெட்டி வைத்து விற்பவரிடம் தலையோடு ஐந்து பவுண்டு வாங்கினேன். உரித்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல் தேறும். சூப்பர்மார்க்கெட்டில் ஆந்திராவில் வளர்த்த உறைந்த இறாலே இதைவிட மலிவாகக் கிடைக்கிறது. இறக்குமதியால் விலை விழுந்துவிட்டது என்று இங்குள்ள படகுக்காரர்கள் புலம்பும்போது, எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

தலையைத் திருகினால் ஆரஞ்சு நிறக் கொழுப்பு விரலில் ஒட்டும். அதைக் கழுவிவிடக் கூடாது, ருசியே அதில்தான். தலை, ஓடு எல்லாவற்றையும் வெங்காயம், செலரித் தண்டோடு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஃப்ரீசரில் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கேஜன் என்பது லூசியானாவில் வாழும் பிரெஞ்சு வழிவந்தவர்களின் சமையல். அதற்கான மசாலாவை வீட்டிலேயே கலந்தேன். கடையில் விற்கும் கேஜன் பொடிகள் பலவற்றில் முதல் சரக்கே உப்புதான். காரம் வேண்டுமென்று கூடப் போட்டால் கரிக்கும்.

ஒரு பவுண்டு உரித்த இறாலுக்கு பாப்ரிகா இரண்டு டீஸ்பூன், பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, கயேன் மிளகாய்த்தூள் ஒவ்வொரு டீஸ்பூன், தைம், ஆரிகானோ, மிளகுத்தூள் அரையரை, வெள்ளை மிளகு கால், உப்பு முக்கால். பாப்ரிகாவுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூள் போடலாமா? போடலாம், நிறம் வரும். காரம் கூடுதல் என்பதால் கயேனைப் பாதியாக்கிவிடுங்கள். மஞ்சள்தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். கை தானாக அந்த டப்பா பக்கம் போகும், விடாதீர்கள்.

இறாலை ஈரம் போகத் துடைத்து, உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, பொடியில் பிரட்டி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் நெருக்காமல் பரப்பினேன். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். வெண்ணெயும் பொடியும் சேர்ந்து கருஞ்சிவப்பாகப் பொரிந்து ஒட்டிக்கொள்ளும். நெடிக்கு வீடே இருமியது. ஜன்னலை முதலிலேயே திறந்து வைப்பது நல்லது. இறால் லேசாக வளைந்ததும் இறக்கிவிட வேண்டும். வட்டமாகச் சுருண்டால் ரப்பர்தான். தொக்கு போல எண்ணெய் பிரியும்வரை கிண்டுகிற சமாசாரம் இல்லை இது.

கயேன் நாக்கில் சுரீரென்று ஏற, மிளகு தொண்டையில் வந்து நின்றது. வெறும் மிளகாய்த்தூளில் இது வராது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அடுத்த வீட்டுப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்திருந்தேன். 1755 முதல் ஆங்கிலேயர் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து விரட்டியடித்த பிரெஞ்சுக் குடியேறிகளான அக்கேடியர்களின் வழிவந்தவர், அதாவது கேஜன். "ருசி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் அம்மா எதையும் இப்படிக் கருக்கியதில்லையே" என்றார்.

அவர் சொல்வது சரிதான். கருக்கும் முறையை நாடெங்கும் பரப்பியவர் ஒப்பலூசாஸ் பக்கத்தில் பிறந்த சமையற்காரர் பால் ப்ருடோம். 1979-ல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்து, ரெட்ஃபிஷ் என்கிற கடல் மீனைக் கருக்கிப் பரிமாறினார். 1980-களில் அந்த மோகத்தில் ரெட்ஃபிஷ்ஷை அள்ளு அள்ளென்று அள்ளியதால் பிடிப்பதற்கே கட்டுப்பாடு வந்தது. வீட்டுச் சமையல் என்றால் பாட்டிக்கு மூடிபோட்ட சட்டியும் சிறு தீயும்தான். எனக்கென்னவோ கருக்கிய இறால்தான் இன்னும் பிடிக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

ஃப்ரீசரில் இருக்கும் ஓட்டுச் சாறு பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்தது. வெங்காயம், செலரி, குடைமிளகாயை வெண்ணெயில் பொறுமையாக வதக்கி, கொஞ்சம் மாவு தூவிக் கிளறி, சாறு ஊற்றிக் கொதித்தபின் கடைசியில் இறால். இதுதான் எட்டூஃபே என்கிற கேஜன் குழம்பு. சனிக்கிழமை செய்யலாம் என்றார், சோறு மட்டும் நான் வடித்துக் கொண்டுபோக வேண்டுமாம்.