தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கேஜுன் வண்டி

கேஜுன் என்றால் நம் ஊர்ப் பக்கம் ஒரு சிவப்புப் பொடி. உருளைக்கிழங்கு வறுவலின் மேல் தூவித் தருவார்கள். அந்தப் பொடிக்காக நான் தேனியிலிருந்து பஸ் ஏறியிருக்க மாட்டேன். மதுரையில் ஒருவர் வண்டியில் வைத்துக் கம்போ, அதாவது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜுன் மக்களின் குழம்பு, விற்கிறார் என்று நண்பன் சொன்னான். கிளம்பிவிட்டேன்.

ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வண்டியூர் தெப்பக்குளம் போய்ச் சேரும்போது விளக்கு போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆனால் அந்தக் குளத்தைச் சுற்றிக் கூட்டம்தான். கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள், எதிரே பஜ்ஜி, சுண்டல், பானிபூரிக் கடைகள். அந்த வரிசையின் கடைசியில் ஒரு குட்டியானை வண்டி, பின்பக்கம் அடுப்பும் பலகையுமாக நின்றது.

வண்டிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். கப்பல் லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் நிற்கும்போதெல்லாம் இறங்கிப்போய்ச் சாப்பிட்டுச் சாப்பிட்டே கற்றுக்கொண்டதாகச் சொன்னார். நான் போனபோது கனமான இரும்புச் சட்டியில் எண்ணெயும் மைதாவும் சம அளவாகப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். இதற்கு ரூ என்று பெயர். தீயைக் குறைத்து வைத்து, கை எடுக்காமல் முக்கால் மணி நேரம் போலக் கிண்ட வேண்டும். வெள்ளை மாவு மெல்ல மெல்லப் பழுப்பாகி, கடைசியில் சாக்லேட் நிறத்துக்கு வரும். நடுவில் கொஞ்சம் அசந்தால் கரும்புள்ளி விழும். அப்புறம் சட்டியோடு கொட்ட வேண்டியதுதான். “போன்கூட எடுக்க மாட்டேண்ணே” என்றார். கம்போவின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பொடி எல்லாம் அதற்குப் பிறகு.

நிறம் வந்ததும் வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் நறுக்கி அதில் கொட்டினார். லூசியானா சமையலில் இந்த மூன்றும் சேர்ந்துதான் வரும். பிறகு கோழி வேகவைத்த தண்ணீர், கோழிக்கறி, வெண்டைக்காய். மாவு கறுக்கக் கறுக்க, குழம்பைக் கெட்டியாக்கும் சக்தி அதற்குக் குறைந்துவிடும். அந்த வேலையை வெண்டைக்காயின் வழவழப்பு பார்த்துக்கொள்ளும். வெண்டைக்காய் அமெரிக்காவுக்குப் போனது ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களோடு. ரூ பிரெஞ்சுக்காரர்களுடையது. கேஜுன் மக்களின் முன்னோர், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் குடியிருந்த பிரெஞ்சுக்காரர்கள். 1755-இல் தொடங்கி ஆங்கிலேயர்கள் அவர்களை அங்கிருந்து துரத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அலைந்து திரிந்து லூசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து ஒதுங்கினார்கள். அங்கே கிடைத்ததை வைத்துச் சமைத்த சமையல் இது. வடக்கேயிருந்து வந்த சௌராஷ்டிரர்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் மொழியையும் கைப்பக்குவத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிற மதுரையில் அதைச் சாப்பிட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கிண்ணத்தில் ஒரு கரண்டி வெள்ளைச் சோறு, அதைச் சுற்றிக் கம்போ. பார்த்தால் மிளகுக் குழம்பு மாதிரி கறுப்பு. வாயில் வைத்தால் முதலில் வருவது வறுத்த கடலையின் வாசம். அதன் பின்னால் கோழியின் சாறு. காரம் கடைசியில், தொண்டையில் மெதுவாகத் தெரிகிறது. புளி இல்லை, தேங்காய் இல்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “தம்பி, தேங்கா அரச்சு ஊத்தலையா?” என்று கேட்டார். “இல்லக்கா, மாவு மட்டுந்தான்.” “வெறும் மாவுலயா இம்புட்டு ருசி!” என்றவர், வீட்டுக்கு ஒரு பார்சல் சொன்னார்.

ஜம்பலாயா என்கிற கலந்த சோறு அந்த அளவுக்கு இல்லை. சீரகச் சம்பா போட்டிருந்தார்; அதன் வாசனை மேலே நின்று பிரியாணி ஞாபகத்தைக் கொடுத்துவிட்டது. இதற்கு நீள அரிசிதான் சரி. லூசியானாவில் இதில் போடுவது ஆன்டூயி என்கிற புகைபோட்ட பன்றிக்கறித் தொத்திறைச்சி. இங்கே கோழித் தொத்திறைச்சி. அந்தப் புகை வாசம் இல்லாத குறை நன்றாகவே தெரிந்தது.

மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறை மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் முக்கி, மிளகாய்த்தூள், மிளகு, பூண்டுப்பொடி, தைம் என்கிற வாசனை இலை கலந்த மசாலாவில் புரட்டி, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் போடுகிறார். பால் ப்ரூடோம் என்ற லூசியானா சமையல்காரர் 1980-களில் அமெரிக்கா முழுக்கப் பரப்பிய முறை இது. கல்லில் பட்டதும் கண்ணை எரிக்கும் புகை கிளம்பி, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் இரண்டடி பின்னால் போனோம். மேலே கறுத்த மொறுமொறுப்பு, உள்ளே வெள்ளையாக ஈரம். கசப்பு துளியும் இல்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அப்படியே சாப்பிட்டேன், சோறு தேவைப்படவில்லை.

லூசியானாவில் நெல் அறுத்த வயலிலேயே மறுபடி தண்ணீர் கட்டி, கிராஃபிஷ் வளர்க்கிறார்கள்; சிங்கி இறால் மாதிரி, ஆனால் நன்னீரில் வாழ்வது. அதை வாங்க இங்கே வழியில்லை. அதற்குப் பதில் வயல் நண்டு போட்டுப் பார்க்கலாமே என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். சோழவந்தான் பக்கம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

கம்போ ஒரு கிண்ணம் 160 ரூபாய், மீன் 220. கம்போ ஒரு சட்டிதான் வைக்கிறார், எட்டரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோழி ஈரலைக் கொத்திப்போட்டுக் கிளறும் டர்ட்டி ரைஸ் உண்டு. ஈரல் தின்று வளர்ந்த மதுரைக்காரர்கள் அதைத் தவற விடாதீர்கள். நானும் வருகிற ஞாயிறு போகிறேன்.