ரிப்ஸ் அவசரக்காரனுக்கு இல்ல

மூணு தடவை செருப்புத் தோல் மாதிரி வந்ததுக்கு அப்புறம்தான் போர்க் ரிப்ஸ், அதான் பன்றி விலா எலும்புக் கறி, எனக்குப் பிடிபட்டுச்சு. முதல்ல எலும்புப் பக்கம் ஒட்டியிருக்கற அந்த வெள்ளைச் சவ்வு, அத உரிச்சிடுங்க, கத்தி முனையால ஒரு ஓரத்த கிளப்பி டிஷ்யூ பேப்பரால பிடிச்சு இழுத்தா பெரும்பாலும் முழுசா வந்துடும், விட்டுட்டா மசாலாவும் சரியா இறங்காது, பல்லுல ரப்பர் மாதிரி இழுக்கும்.

ஓவன் இருந்தா உப்பு, மிளகு, பூண்டு, மிளகாத்தூள் தடவி ஃபாயில்ல இறுக்கமா சுத்தி 135 டிகிரி செல்சியஸ்ல ரெண்டரை மூணு மணி நேரம் விட்டுடுங்க. கறிக்கு உள்ள 63 டிகிரி வந்து மூணு நிமிஷம் ஆறவிட்டாலே சாப்பிடலாம்தான், ஆனா ரிப்ஸ்ல கொலாஜன்ங்கற கெட்டியான நார்ப் புரதம் நிறைய, அது இளகி ஜெலட்டினா மாறி கறி பஞ்சு மாதிரி வரணும்னா 90, 95 வரைக்கும் போகணும், இது தெரியாமதான் நான் சீக்கிரமா எடுத்து எடுத்து கெடுத்தேன்.

டைம் இல்லன்னா குக்கர்ல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி 25 நிமிஷம், பிரஷர் தானா இறங்கட்டும். ருசி ஒரு படி கம்மிதான், பொய் சொல்ல மாட்டேன், அதனால அந்தத் தண்ணிய கொட்டாம சுண்டவச்சு, மேல பூசற சாஸ்ல சேர்த்துக்குவேன். சாஸ் எப்பவுமே கடைசி 10 நிமிஷம்தான், அதுல இருக்கற சர்க்கரை சீக்கிரம் கருகிடும்.

ஏர் ஃப்ரையர்? வெந்தத மொறுமொறுன்னு ஆக்க மட்டும். பச்சையா போட்டு ஏமாந்தவன் சொல்றேன் 😅