சாமியிடம் சண்டை போட ஒரு கோயில்

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு, அதில் இரண்டு எங்கள் திருப்பூருக்குப் பக்கத்திலேயே ஒரே பஸ் ரூட்டில் இருக்கின்றன. அவிநாசியைத் தெரியாதவர் கிடையாது. அதற்கு முன்னால் வரும் திருமுருகன்பூண்டியில் இறங்குகிறவர்கள்தான் கம்மி. "பூண்டியப் பாத்துட்டுத்தான் அவிநாசிக்குப் போகோணும் அம்மிணி, அதுதான் வரிசை" என்று அத்தை சொன்னார், அதாவது என் மாமியார். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் ரொம்ப வருடமாக வாடகை ஷெட்டில் பவர் டேபிள், அதாவது மோட்டார் தையல் மிஷின்கள் போட்டு, கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். தைத்துக் கொடுத்த சரக்குக்கு ஓரிடத்தில் பணம் வராமல் நின்றது, அப்புறம் ஆர்டரும் நின்றது, வட்டி மட்டும் நிற்கவில்லை. மிஷின்களை விற்றோம். வாங்க வந்தவர்கள் ஓவர்லாக் மிஷினிலிருந்து நூல் கோனைக்கூடக் கழற்றாமல் டெம்போவில் ஏற்றினார்கள், அந்த வெள்ளை நூல் ஷெட்டுப் படியிறங்கி வாசல் வரைக்கும் இழுபட்டுக்கொண்டே போக, அத்தை ஓடிப்போய் அதைப் பல்லால் கடித்து அறுத்தார். இப்போது இவர் வேறொருவர் கம்பெனியில் பீஸ் ரேட் டைலர், நான் செக்கிங். பார்க்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்கிறார்கள். எந்த நல்லது என்று கேட்டால் மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை.

பூண்டியில் இறங்கினால் ரோட்டோரம் சிற்பக் கூடங்கள், உளிச் சத்தம், கல் தூசி. தும்பிக்கை வரைக்கும் செதுக்கி வயிற்றுக்குக் கீழே இன்னும் வெறும் கல்லாகவே இருக்கும் ஒரு பிள்ளையாருக்கு அத்தை போகிற போக்கில் கும்பிடு போட்டார். கோயில் மேற்குப் பார்த்த சிவன் கோயில், அமைதியாக இருக்கிறது. சேர நாட்டு ராஜா சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னும் பொருளுமாகத் திருவாரூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுந்தரரிடம் இங்கேதான் வழிப்பறி நடந்தது. வேடர் வேஷத்தில் வந்து பறித்தது சிவனுடைய பூதகணங்கள், அனுப்பியது சிவனேதான். பறிகொடுத்தவர் என்ன செய்தார்? பொறுமையாகப் போகவில்லை. நேரே கோயிலுக்குள் போய், துணியைக்கூட உருவிக்கொள்ளும் திருடர்கள் இருக்கிற இந்த ஊரில் உமக்கு என்ன வேலை, உம்முடைய காளைக்குக் கால் ஒடிந்துவிட்டதா, இல்லையென்றால் "எத்துக்கு இங்கு இருந்தீர் எம்பிரானீரே" என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டார். அதன்பிறகே பொருள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

சன்னதியில் நான் கண்ணை மூடி வழக்கமான வேண்டுதலை ஆரம்பிக்கும்போது பக்கத்தில் அத்தையின் குரல், சத்தமாகவே: "எம் பையன் ஆரு காசையாச்சும் தின்னானா? நீ பாட்டுக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே!" எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. குருக்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை, திருநீறு கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்து, சாமியை இப்படிப் பேசலாமா அத்தை என்றேன். "பின்ன ஆரைப் பேசறது? பணம் தர வேண்டியவன் போனே எடுக்கறதில்ல" என்றார். சிரித்தேன். அதோடு ஷெட்டை மூடிய நாளிலிருந்து தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கியது, அதையும் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து அவிநாசி பக்கம்தான். அவிநாசியப்பர், அவருக்கு வலப்பக்கம் கருணாம்பிகை. இந்த ஊரில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதை எல்லோருக்கும் தெரியும், குளிக்கப் போன இரண்டு பிள்ளைகளில் ஒன்று போய்விட, சில வருடம் கழித்து, தப்பித்த பிள்ளையின் வீட்டில் பூணூல் விசேஷம், எதிர் வீட்டில் அழுகை. எனக்குப் பிடிபட்டது, முதலை பிள்ளையைத் திருப்பித் தர வருவதற்கு முந்தைய இடம். சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகம் மலர்ந்து வெளியே வருகிறார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்த சுந்தரருக்குத்தான் தாங்கவில்லை, "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்று அவரே கேட்டுவிட்டார்.

அத்தை சொன்ன வரிசை அப்போதுதான் உறைத்தது. பூண்டியில் சண்டை போட்டது சேர நாட்டிலிருந்து திரும்பும்போது, அவிநாசிக்கு வந்தது பிறகு மறுபடியும் சேர நாட்டுக்குப் போகும்போது. முதல் தடவை தன் மூட்டைக்காகப் பாடியவர், இந்தத் தடவை யாரோ பெற்ற பிள்ளைக்காகப் பாடினார். பறிகொடுத்தால் எப்படி இருக்கும் என்று பூண்டியிலேயே தெரிந்துகொண்டவர் ஆயிற்றே என்று எனக்குப் பட்டது. பண்டிதர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது அத்தை மகன் பேரைச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஷெட்டில் தைத்துக்கொண்டிருந்த பெண்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதில் ரெண்டு பேருக்கு இன்னும் நிரந்தரமாக வேலை அமையவில்லை. குருக்கள் நட்சத்திரம் கேட்டார். "அதெல்லாம் தெரியாதுங் சாமி, நம்மகிட்டத் தைச்ச புள்ளைங்க" என்றார் அத்தை. குருக்கள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சரிங்க, பேரை மட்டும் நிதானமாச் சொல்லுங்க என்றார்.

பிள்ளை மீண்ட தாமரைக்குளத்தையும் பார்க்க நினைத்தால் காலையில் நேரத்திலேயே கிளம்புங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பூண்டியில் முதலில் இறங்குங்கள்.