ஏழாயிரத்து ஐந்நூறும் திண்டுக்கல் பஸ்ஸும்

மதுரை புதூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் 18,500. செல்லூர் வீட்டிலிருந்து அரை மணி நேரம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு போக்குவரத்துச் செலவே கிடையாது. மறு வருஷம், திண்டுக்கல் தாண்டி வேடசந்தூர் ரோட்டில் ஒரு மில்லில் 26,000 தருகிறோம் என்றார்கள். அம்மாவின் செயின் பேங்கில் அடகில் இருந்தது, முப்பத்தைந்தாயிரத்துக்கு. ஏழாயிரத்து ஐந்நூறு கூட வருகிறது என்றால் யார்தான் யோசிப்பார்கள்?

ஆபீசில் சீனியர் ஒருவர் மட்டும் சொன்னார். "ஏம்மா, நாலேகால் வருஷம் ஆச்சு. இன்னும் ஒன்பது மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, கிராஜுவிட்டியை வாங்கிட்டுப் போ." ஐந்து வருஷம் முடித்தவர்கள் வேலையை விடும்போது கம்பெனி கொடுக்கும் தொகைதான் கிராஜுவிட்டி. ஆனால் மில்லில் பதினைந்து நாளில் சேர வேண்டும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன்.

காலை நாலரைக்கு எழுந்து, சமைத்துவைத்து, ஐந்தேமுக்காலுக்கு ஆரப்பாளையத்தில் பஸ். வாடிப்பட்டி தாண்டும்போதுதான் விடியும், வலது பக்கம் சிறுமலை மெல்லத் தெளிந்து வரும், முதல் வாரம் அதை ஆசையாகப் பார்த்தேன், அப்புறம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கத்தான் தோன்றியது. ஒன்றரை மணி நேரத்தில் திண்டுக்கல், அங்கே இரண்டு இட்லி, பிறகு மில் வேன். வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டேகால் மணி. சாயங்காலம் அதே தூரம், ஆனால் அதுதான் கொடுமை. ஆறு மணிக்கு மேல் திண்டுக்கல் ஸ்டாண்டில் மதுரை பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, பை, டிபன் கேரியர் எல்லாம் உள்ளே விழுந்திருக்கும். கோடை ரோடு வரை நின்றுகொண்டே வந்த நாள்கள் எத்தனையோ. ரயிலில் போகலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். சீசன் டிக்கெட் பஸ்ஸைவிட ரொம்ப மலிவுதான், ஆனால் நான் மில்லை விட்டு வரும் நேரத்துக்கு வண்டி ஒத்துவரவில்லை.

பெண்கள் யாரும் வெளியே பேசாத ஒன்றைச் சொல்கிறேன். மதியம் மூன்று மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் நடுவழியில் எங்கே போவது? ஸ்டாண்டில் இருக்கிற கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது, அப்படியே போனாலும் அதற்குள் பஸ் கிளம்பிவிடும். காலையில் நிரப்பிக்கொண்டு போன ஒரு லிட்டர் பாட்டில் இரவு எட்டேகாலுக்கு வீட்டுக்கு வரும்போது முக்கால்வாசி அப்படியே இருக்கும். அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் செடிக்கு ஊற்றுவார். எட்டாவது மாதம் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்து படுத்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிற?" என்பதுதான். யூரினரி இன்ஃபெக்ஷன். டெஸ்ட், மாத்திரை எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய், கையிலிருந்து கொடுத்தேன்.

ஏன் கையிலிருந்து என்றால், இ.எஸ்.ஐ. போய்விட்டது, அதாவது சம்பளத்தில் சிறு தொகை பிடித்துக்கொண்டு தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்க்கும் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000க்குள் இருப்பவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ.; 2017லிருந்து அந்த வரம்பு. மில்லில் சேரும்போதே அதைத் தாண்டிவிட்டேன். பழைய வேலையில் கடைசியாக மாதம் 140 ரூபாய்கூடப் பிடிக்கவில்லை, அதற்கு அம்மாவின் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் கிடைத்துவிடும், பெரிதாக ஏதாவது என்றால் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. இப்போது அதே மாத்திரைகளை மெடிக்கலில் வாங்கினால் மாதம் 1,400. சேரும் முன் இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

படுத்திருந்த அந்த நான்கு நாளில் காலண்டர் தாளின் பின்பக்கம் உட்கார்ந்து எழுதினேன். கூடுதலாக வருவது 7,500. பஸ் மாதம் 2,600. காலை இட்லி 1,040. மாத்திரை 1,400. மிச்சம் 2,460. இதற்காக நான் கூடுதலாகக் கொடுக்கும் நேரம் நாளைக்கு மூன்றரை மணி, 26 நாளைக்கு 91 மணி. வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 27 ரூபாய். பழைய வேலையில் எட்டு மணி நேரக் கணக்கில் என் ஒரு மணி நேரம் 89 ரூபாய்.

அப்புறம் கிராஜுவிட்டியையும் போட்டுப் பார்த்தேன். அப்போதிருந்த 1972ஆம் வருஷச் சட்டத்தின்படி ஐந்து வருஷம் முடித்தால் வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிடுவார்கள். இந்தக் கணக்குக்கு எடுக்கும் என் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 11,000. ஐந்து வருஷத்துக்கு 31,730. பதிமூன்று மாதம் இருட்டில் போய் இருட்டில் வந்து நான் சேர்ப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒன்பது மாதம் புதூரிலேயே இருந்திருந்தால் தூங்கி எழுந்து வேலைக்குப் போய் அதே பணத்தை வாங்கியிருக்கலாம். சொன்னவர் பேச்சைக் கேட்கவில்லையே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆனாலும் உடனே விடவில்லை. தீபாவளி போனஸையும் சேர்த்து, பதிமூன்றாம் மாதம் செயினை மீட்டு அம்மா கழுத்தில் போட்ட பிறகுதான் வேறு வேலை தேடினேன். மில்லில் யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை, வேலையும் நல்ல வேலைதான், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் முழுதாகத் தனியே போடக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். தூரம் ஒன்றுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

கப்பலூரில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. வீட்டிலிருந்து ஐம்பது நிமிஷம். 22,000 தருகிறோம் என்றார்கள். நான் 20,900 போதும் என்றேன். அந்த மேடத்துக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அம்மாவின் மாத்திரையைச் சொன்னேன். பேனாவை எடுத்து 22,000ஐ அடித்துவிட்டு மேலே எழுதினார்.

இ.எஸ்.ஐ.யில் பழைய நம்பரே தொடர்ந்தது. அடுத்த மாதம் அரை நாள் லீவு போட்டு அம்மாவைத் தத்தனேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.